யாருக்கு யார் பக்கத்து வீடு

கிளென்மோர் தோட்டத்தில் அத்தனை பேருக்கும் கோயில் தலைவர் சுப்பிரமணியத்தின் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்க ஆசை என்று பல்கலைக்கழகம் கண்டுபிடித்த அன்று, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சுப்பிரமணியம். மற்றவள், அந்தக் கண்டுபிடிப்பைத் திரையில் போட்டுக் காட்டிய தனுஜா.

திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. யார் பக்கத்தில் இருந்தால் நிம்மதி என்று அந்த வீட்டார் சொன்னார்களோ அவர்கள் வீட்டுக்கு ஒரு கோடு. அத்தனை கோடுகளும் ஓடிப்போய்க் கோயிலை ஒட்டிய ஒரே புள்ளியில் குவிந்திருந்தன. விரித்த குடையை அடியிலிருந்து பார்த்த மாதிரி இருந்தது.

"அவருக்குப் பக்கத்துல இருக்கலாமான்னு நானே இன்னும் முடிவு பண்ணல. இத்தன பேருக்கு என்ன வந்துச்சு?" என்றார் தலைவரின் மனைவி நல்லம்மாள்.

மண்டபமே குலுங்கியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் லோகேஸ்வரி. தமிழ்ப்பள்ளிக் கண்டீனில் சமைக்கிறவள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே திரையில் தன் வீட்டுப் புள்ளியைத் தேடினாள். அந்தக் கோடுகளில் ஒன்று அவள் போட்டது.

தப்பு யாருடையது என்று கேட்டால், தனுஜாவின் நல்ல வளர்ப்புடையது என்றுதான் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு ஊர் ரவாங். நகர், வட்டாரத் திட்டமிடல் துறையில் முதுகலை ஆராய்ச்சி செய்கிறாள். அம்மா உலு யாம் பக்கத்தில் பால்மரம் வெட்டியவர். ஆகவே, தோட்டத்துக்குள் கால் வைப்பதற்கு முன் தலைவரைப் பார்த்துப் பழம் கொடுத்துக் கும்பிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தோட்டம் தெரியாத பிள்ளையாக இருந்திருந்தால் நேராக வந்து கதவைத் தட்டியிருப்பாள், கதையும் ஒழுங்காக முடிந்திருக்கும். இவள் முறையாக வந்தாள். சுப்பிரமணியமும் முறையாக, "நானே கூட்டிட்டுப் போறேன்மா" என்று கிளம்பிவிட்டார். ஒவ்வொரு லயத்து வரிசையிலும், ஒவ்வொரு வீட்டிலும், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். அவர் தேத்தண்ணீரை ஊதிக்கொண்டிருக்கும்போது தனுஜா கேட்பாள்:

"புது வீட்டுக்குப் போனா, யாரு பக்கத்துல இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும் ஆன்ட்டி?"

தலைவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு இன்னொருவர் பேரைச் சொல்ல யாருக்கு நெஞ்சுரம் இருக்கிறது? "தலைவர் பக்கத்துல இருந்தா தைரியம்மா" என்று லோகேஸ்வரி சொன்னாள். சொன்னது போதாது என்று தட்டில் இன்னும் இரண்டு பிஸ்கட்டையும் வைத்தாள்.

கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல. தோட்டத்து நிலம் கைமாறிவிட்டது. பதிலுக்கு ஈஜோக் போகிற சாலையோரத்தில் வரிசை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வீடு உறுதி, எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பதாகத்தான் பேச்சு. இப்படித்தான் பக்கத்துத் தோட்டத்துச் சனங்களைக் குலுக்கி அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அங்கே குடிபோன கிழவர் சன்னாசி குளியலறையில் வழுக்கி விழுந்து காலையிலிருந்து பொழுது சாயும்வரை கிடந்தார். எதிர் வீட்டுக்காரன் அவர் கூப்பிட்ட சத்தத்தைத் தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவனுக்குச் சன்னாசியின் குரலே தெரியாது.

தனுஜாவின் ஆராய்ச்சி இதைப் பற்றியதுதான்: சனங்களை இடம் மாற்றும்போது அவர்களுடைய நல்வாழ்வு எங்கே சிந்திப்போகிறது என்று. அவளுடைய பேராசிரியர் சுகுமாரன் வீடு கட்டுகிற நிறுவனத்தோடு பேசி ஒரு வழி செய்திருந்தார். ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் யார் என்று ஆராய்ச்சி தெளிவாகக் காட்டினால், நான்கு நான்கு வீடாகச் சேர்த்துச் சீட்டு எடுக்கலாம். காட்டாவிட்டால் பழையபடி தனித்தனிக் குலுக்கல்.

இப்போது ஆராய்ச்சி காட்டியது ஒரு குடை.

"ஒரு மனுசனுக்கு ரெண்டு பக்கத்து வீடுதான் இருக்க முடியும்" என்று நிறுவனத்து ஆள் மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். "மூலை வீடுன்னா ஒண்ணுதான்."

கூட்டம் கலைந்தது. தனுஜா கணினிக் கம்பிகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்த விதத்தைப் பார்த்தபோது லோகேஸ்வரிக்குப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்து அதைவிடப் பாவமாக இருந்தது.

ஏனென்றால் லோகேஸ்வரிக்கு இனிப்பு நீர். தனியாக இருக்கிறாள், மகன் பவனேஷ் ரவாங் தொழிற்சாலையில். போன வருசம் ஒரு விடிகாலை, சர்க்கரை இறங்கி அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் புனிதவதிதான் பின்கதவை உடைத்துக்கொண்டு வந்து, சீனித் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றினாள். எப்படித் தெரிந்தது என்றால், லோகேஸ்வரி தினமும் எழுந்ததும் அந்தச் சுவரைப் பார்த்துப் புனிதவதியை ஒரு மூச்சுத் திட்டிவிட்டுத்தான் முகம் கழுவுவாள். அன்று திட்டு வரவில்லை.

இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எப்போதோ ஒரு தீமிதி அன்னதானத்தில், லோகேஸ்வரி வைத்த சாம்பாரைப் பற்றிப் புனிதவதி மைக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்: "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, எல்லாரும் தண்ணிய பக்கத்துல வெச்சிக்குங்க." நல்லெண்ணத்தில் சொன்னதாக அவள் பிறகு விளக்கம் கொடுத்தாள். நல்லெண்ணத்துக்கு மைக் எதற்கு என்று லோகேஸ்வரி கேட்டாள். அத்தோடு சரி. கதவை உடைத்து வந்த அன்றும் புனிதவதி சொன்னது "வாயத் தொற" என்பது மட்டும்தான். அதைப் பேச்சில் சேர்க்க முடியாது என்பது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விசயம்.

இந்த நிலைமையில் இருப்பவள், புனிதவதி பக்கத்து வீட்டுக்கு வர வேண்டும் என்று எந்த வாயால் சொல்வாள்?

*

சில நாள் கழித்து, பழைய மைவி கார் ஒன்று லயத்து முனையில் வந்து நின்றது. தனுஜா தனியாக இறங்கினாள்.

"தலைவரு வரலியா?" லோகேஸ்வரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இல்ல ஆன்ட்டி. அவரு வந்தா எல்லாரும் ஒரே ஆன்சர்தான் சொல்றீங்க."

"மனசுல இருந்தத சொன்னோம்."

"ஆன்ட்டி. சீரியஸ்லி லா."

லோகேஸ்வரி சிரித்துவிட்டு அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பெண் சோர்ந்திருந்தாள். பேராசிரியர் ஒருமுறை அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், இன்னொரு தடவை கேட்க முடியாதாம். கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, பேச்சுக்குக் கேட்பது போல, "பக்கத்து வீட்டு ஆன்ட்டி எப்படி?" என்றாள்.

லோகேஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சுவர் தாண்டிக் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினாள்.

"அத ஏன் கேக்கற. கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து சட்டிய உருட்டுவா. சுங்கை பஞ்சாங் அரிசிதான் வேணும் மகாராணிக்கு, அத அலசி அலசி தண்ணிய எங்க வாசல்ல ஊத்துவா. மழ வர்றதுக்கு மொத நாள் முட்டி வலின்னு தைலம் தேய்ப்பா, வாட இங்க வரைக்கும் அடிக்கும். மக கிள்ளான்ல இருக்கா, ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. பண்ணலன்னா இவ அன்னிக்கு ரெண்டு வேள சாப்பிடமாட்டா. கேட்டா வெரதம்பா. எந்தச் சாமிக்கு அப்படி வெரதம்? எனக்கு இனிப்பு ஆகாதுன்னு தெரியும், தெரிஞ்சே கேசரி கிண்டறப்ப சன்னலத் தொறந்து வெப்பா…"

"எந்த முட்டி?"

"என்னது?"

"வலிக்கிற முட்டி, ஆன்ட்டி. எந்தக் காலு?"

"வலது. படி ஏறும்போது எடத முன்னால வெப்பாளே." இதுகூடத் தெரியாதா என்பதுபோல் லோகேஸ்வரி அவளைப் பார்த்தாள்.

"தலைவருக்குக் கால் வலி இருக்கா?"

"அவருக்கு என்ன கொறச்சல்? கல்லு மாதிரி இருக்காரு."

தனுஜா நிமிர்ந்து பார்த்தாள். அவரோடு வீடு வீடாக நடந்தவள் அவள். ஒவ்வொரு வாசலிலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்தார், எழுந்தார். தோட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. பேனாவை மறுபடி திறந்தவள் முகத்தில், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளையின் வெளிச்சம்.

அன்றிலிருந்து அவள் கேள்வியை மாற்றிவிட்டாள். யார் பக்கத்தில் இருந்தால் நிம்மதி என்று யாரையும் கேட்கவில்லை. யாரால் உங்களுக்குத் தொல்லை என்று கேட்டாள்.

கிளென்மோர் தோட்டம் அந்த நாளுக்காகவே காத்திருந்த மாதிரி ஆகிவிட்டது. முன்பு "எல்லாம் ஓகேம்மா" என்று ஒரு வரியில் அனுப்பியவர்கள் இப்போது அவள் எழுந்தாலும் விடவில்லை. ஒருத்தி வாசல்வரை வந்து சொன்னாள். இன்னொருத்தி கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சொன்னாள். நாயைப் பற்றி, துணிக்கொடியைப் பற்றி, திருப்பித் தராத தேங்காய் துருவியைப் பற்றி. சொல்லும்போதே அவன் சாப்பிடுகிற மாத்திரை, அவள் தூங்காத இராத்திரி, அந்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைக்காத கவலை எல்லாம் கூடவே வந்து விழுந்தன. முன்பின் தெரியாதவனைப் பற்றி யாரும் இவ்வளவு நேரம் குறை சொல்ல முடியாது என்பதைத்தான் தனுஜா லோகேஸ்வரியின் அடுப்படியில் பிடித்திருந்தாள்.

புனிதவதி வீட்டிலும் உட்கார்ந்தாள். லோகேஸ்வரி சுவரோரம் புளியை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த புளியையே திரும்ப ஆய்ந்தாள்.

"அவளா? மாத்திரைய சாப்பிடறதுக்கு முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமான்னு இன்னும் தெரியாது" என்றது புனிதவதியின் குரல். "கிளினிக் தேதிய மறந்துட்டு பஸ்ஸு வரலன்னு பொய் சொல்வா. மகன் வர்றான்னா வீட்ட கழுவிக் கழுவி முதுகு புடிச்சிக்கும். அவன் வந்து, சாப்பிட்டு, கைப்போன பாத்துட்டுப் போயிருவான். அதுக்கப்பறம் ஒரு நாள் முழுக்க என்னயக்கூடத் திட்டமாட்டா. எனக்கு வீடே சரியா இருக்காது."

லோகேஸ்வரியின் கை புளியில் நின்றுவிட்டது.

*

இரண்டாவது வரைபடத்தில் குடை இல்லை. சுவருக்குச் சுவர், வாசலுக்கு வாசல் குட்டிக் குட்டிக் கோடுகள், கோலம் போட்ட மாதிரி. பேர் எதையும் தனுஜா காட்டவில்லை, வெறும் புள்ளிகள்தான். ஆனாலும் எந்தப் புள்ளி யார் என்பது மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. அதில் லோகேஸ்வரியின் பங்கு கொஞ்சம் உண்டு. கோயிலை ஒட்டிய புள்ளிக்கு மட்டும் ஒரு கோடும் போகவில்லை. தலைவரைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை.

நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை: குறை சொன்னதை விருப்பமென்று எடுத்துக்கொண்டு வீடு கொடுக்க முடியாது. நான்கு வீட்டாரும் சனிக்கிழமை மண்டபத்துக்குச் சேர்ந்து வந்து, தாங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வராதவர்கள் குலுக்கலுக்கு.

வெள்ளிக்கிழமை மாலை லோகேஸ்வரி பின்கட்டில் கோழிக்கு அரிசி போட்டாள். பேசாமல் இருப்பவர்கள் பேச வேண்டிவந்தால் ஜாடைப் பேச்சுதான் வழி. கோழியிடமோ வாளியிடமோ சொல்வார்கள், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

"நாளைக்கு மண்டபத்துக்குப் போறவங்க போவாங்க, போகாதவங்க இருப்பாங்க. நமக்கு என்ன சொல்லு" என்றாள் கோழியிடம்.

வேலிக்கு அந்தப் பக்கம் புனிதவதி வாளியைக் கவிழ்த்தாள். "கூப்பிட்டாத்தான் போறதுக்கு. இல்லையா வாளி?"

"இந்தக் கோழிக்குக் கூப்பிடற பழக்கமெல்லாம் கெடயாது."

"சத்தம் வரலன்னா மைக்கு வாங்கித் தரலாம்."

லோகேஸ்வரி அரிசியை மொத்தமாக வீசிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாய்வரை வந்ததை அந்த மைக் கெடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புனிதவதியும் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாளி வெகுநேரம் உருளவில்லை.

*

சனிக்கிழமை மண்டபத்தில் கல்யாணக் களை. வெறும் வேடிக்கை பார்க்க வந்ததாக லோகேஸ்வரி வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வேடிக்கைக்குப் பட்டுச்சேலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அது வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளும் விசயம்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிறுவனத்து அதிகாரி, மலாய்ப் பெண்மணி. பக்கத்தில் தனுஜா. நான்கு நான்கு வீட்டாராகப் போய் நின்றார்கள். துருவியைத் தராதவளும் துருவி போனவளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நாய்க்காரர் நாயால் தூக்கம் கெட்டவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். புனிதவதி, மறுபக்கத்து வீட்டுப் பிரேமலா, செல்வா தம்பதியோடு தூணோரம் நின்றிருந்தாள். லோகேஸ்வரி இருந்த பக்கம் திரும்பவில்லை.

நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. கடைசியில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் லோகேஸ்வரி, இரண்டு நாற்காலி தள்ளி சுப்பிரமணியம், நல்லம்மாள். அவர்களை யாரும் வந்து கூப்பிடவில்லை. தலைவருக்கு ஏற்கெனவே ஆள் இருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

நல்லம்மாள்தான் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். "லோகா, எங்களோட வந்துடு. இன்னும் ரெண்டு வீட்ட புடிச்சிருவோம். தைரியமா இருக்கும்னு அன்னைக்கே சொன்ன இல்ல?"

சொன்னாள்தான். பிஸ்கட்டோடு சொன்னாள். ஒரு தலையாட்டலில் முடிந்துவிடும். குலுக்கலிலிருந்து தப்பிக்கலாம், மானமும் போகாது. லோகேஸ்வரி நல்லம்மாளைப் பார்த்தாள். நல்ல மனுசி. ஆனால் விடிகாலையில் பக்கத்து வீட்டில் சத்தம் வரவில்லை என்றால், தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று நினைக்கிற நல்ல மனுசி.

அவள் எழுந்தாள். பட்டுச்சேலை சரசரத்தது.

"இல்லக்கா. கோவிச்சிக்காதீங்க. எனக்குப் புனிதவதி பக்கத்துல இருக்கணும்."

அடக்கமாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். கண்டீனில் கத்திப் பழகிய குரல், மண்டபத்துக் கூரைவரை போய்விட்டது. எல்லோரும் திரும்பினார்கள். நெடுங்காலமாக அவள் வாயில் 'அவ' என்று மட்டுமே வந்த ஆளுக்கு அன்றுதான் பேர் கிடைத்தது.

புனிதவதி பிரேமலாவைப் பார்த்தாள். "யாரோ யாரு பேரையோ சொன்னாங்களே, ஒனக்குக் கேட்டுச்சா?"

"அத்தை, எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றாள் பிரேமலா. "வெளிய நிக்கிற லோரிக்காரனுக்கும் கேட்டுச்சு."

"அப்ப வரச் சொல்லு. வரிசையில நிக்காம அங்கருந்து கத்தினா எப்படி?" ஒரு நொடி கழித்து, "மூணு வீடுதான் இருக்கு. தலைவரண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு, நாலு ஆயிரும்" என்றாள்.

சுப்பிரமணியம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது கால் ஒரு கணம் பின்தங்கியதை லோகேஸ்வரி பார்த்துவிட்டாள். இவருக்கும் தைலம் வேண்டும் போலிருக்கிறதே என்று நினைத்தாள். அதை யாரிடம் முதலில் சொல்லலாம் என்றும் நினைத்தாள்.

மேசையில் அதிகாரி என்னவோ கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமான்னு கேக்கறாங்க ஆன்ட்டி" என்றாள் தனுஜா.

"இல்ல" என்றாள் லோகேஸ்வரி.

"ஃபிரெண்ட்ஸா?"

"இல்ல" என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

தனுஜா மலாயில் நீளமாக எதையோ சொன்னாள். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

*

அந்த நான்கு வீட்டாருக்கும் விழுந்தது மூன்றாவது வரிசை. வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வாவின் வேனில் போனார்கள். கூரை ஏறியிருந்தது, கதவும் சன்னலும் இன்னும் வைக்கவில்லை. பூசாத செங்கல்லில் ஈரச் சிமெண்டு வாடை. சுப்பிரமணியம் வாசல்படியின் உயரத்தைக் காலால் அளந்து பார்த்து, இன்னொரு படி வைக்கச் சொல்ல வேண்டும் என்றார். அவர் கேட்டால் நடக்கும், அதற்குத்தான் தலைவர்.

லோகேஸ்வரி தன் அடுப்படியில் நின்று பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். லயத்துப் பலகை மாதிரி இல்லை. விரல்தான் வலித்தது. மேலே இடைவெளியும் இல்லை, கூரைவரை செங்கல். இத்தனை பாடுபட்டு வாங்கிய பக்கத்து வீடு; நடுவில் இப்படி ஒரு சுவர். அவள் முகம் விழுந்துவிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து, வெகுதூரத்தில் பேசுவது போல ஒரு குரல் வந்தது.

"லோகா. கேக்குதா?"

லோகேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிரேமலா வெளியே இருந்தாள். அந்தப் பக்கம் வாளியும் இல்லை, கோழியும் இல்லை.

"கேக்கல" என்று கத்தினாள்.

"கேக்காமத்தான் பதில் சொல்றியா?"

"சரியா கேக்கல. சன்னல் பக்கம் வந்து சொல்லு."

பின்பக்கச் சன்னல் ஓட்டையில் புனிதவதியின் தலை தெரிந்தது. செங்கல் தூளில் தும்மினாள். "அடுப்ப இந்தச் சன்னல் ஓரமா போடச் சொல்லு" என்றாள். "நானும் என்னோடத இப்படித் திருப்பச் சொல்லிட்டேன். அப்ப கேக்கும்."

"கேசரி வாசமும் வரும்."

"வரும்" என்றாள் புனிதவதி. "சீனி போடாம செய்யக் கத்துக்கிட்டா என்னவாம்?"

யார் கற்றுக்கொள்வது என்பதில் அங்கேயே பேச்சு தடித்தது. வேனில் ஏறும்வரை ஓயவில்லை. வழியில் ஈஜோக்கில் செல்வா தேத்தண்ணீருக்கு நிறுத்தியபோதும் ஓயவில்லை.